இங்கே இல்லை, நாலாவது கடை

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். போன மாதம் வர வேண்டிய உன் கடிதம் வழியில் எங்கோ இளைப்பாறிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. போனில் பேசலாமே என்பாய். நம் போன் கடையில் முட்டைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் "ஹலோ" என்றால் போதும், வெண்ணெய் வாங்க வந்தவர்கள் வீட்டுக்குப் போவதையே மறந்துவிடுகிறார்கள். அண்ணியும் நாத்தனாரும் சண்டை போடாமல் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஊருக்கு அவ்வளவு ஆசை. அதனால் மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சேதி ஒன்று இருக்கிறது. தெரு முனையில் பூட்டிக் கிடந்த மரச்சாமான் கூடத்தில் பலகை மாட்டியிருக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட் வரப்போகிறதாம். நீ வேலை பார்க்கும் அதே கம்பெனி. உன் அண்ணன் பலகையை நின்று படித்துவிட்டு வந்து, பால் கேன்களைக் கழுவினார். நான் ஏற்கெனவே கழுவி வைத்த கேன்கள்.

ஞாயிற்றுக்கிழமை தையற்காரர் கடை மாடியில் கடைக்காரர் சங்கம் கூடியது. உன் அண்ணன்தான் தலைவர். யாரோடும் சண்டை போடாத ஆள் வேண்டும் என்று தேடி, சண்டை போடவே தெரியாத ஆளைப் பிடித்து உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். தையற்காரர் ஆரம்பித்தார். "எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ அடுக்கி வச்சுட்டா, நம்ம கூரையெல்லாம் எதுக்கு?" சோப்புக்கடை நுரையார் மேசையைத் தட்டினார். "நம்ம தெருவுல என்ன இல்ல? சொல்லுங்க, என்ன இல்ல?" எதிர்வீட்டு மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் டீச்சர், அழைக்காமலே வந்து பின்னால் உட்கார்ந்திருந்தவள், எழுந்து சொன்னாள். "எல்லாம் இருக்குங்க. ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கடையில இருக்கு. நான் வேலை முடிஞ்சு வந்து நாலு கடை ஏறி இறங்கறதுக்குள்ள அஞ்சாவது கடை சாத்திடறாங்க."

அவளுக்கு நம் தெருக் கட்டுப்பாட்டை விளக்க வேண்டியதாயிற்று. ஒரு கடை விற்கும் பொருளை இன்னொரு கடை தொடாது. இல்லாததைக் கேட்டு வந்தால் "இங்க இல்ல, நாலாவது கடை" என்று வாசல்வரை வந்து கை காட்ட வேண்டும். அவள் பொறுமையாகக் கேட்டாள். "ரொம்ப நல்லா இருக்குங்க. எனக்கு சோப்பும் முட்டையும் எப்ப கிடைக்கும்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, தலைவர் மனைவி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

கடை வருவது உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்திருந்தால் கோபமில்லை. தெரியாது என்றால்தான் ஆச்சரியம். நகர அலுவலகம் கருத்துக் கேட்டுத்தான் அனுமதி கொடுக்குமாம். கொடுத்துவிட்டால் நம் கடை தாங்காது. உன் அண்ணனுக்கு வேறு எதுவும் தெரியாது என்பது உனக்கும் தெரியும்.

உன் அன்பு அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் தாமதமானதற்கு என்னைத் திட்டுங்கள், தபால்காரரை விட்டுவிடுங்கள். இங்கே வேலை கழுத்தைப் பிடிக்கிறது. எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வு பெறப்போகிறார். அந்த நாற்காலிக்கு என் பெயரும் அடிபடுகிறது. கிடைக்கும்வரை வெளியே சொல்லாதீர்கள்.

நம் தெரு விஷயம் காதில் விழுந்தது. பல ஊர்க் கோப்புகளில் அதுவும் ஒன்று. எங்கே கடை திறக்கலாம், மக்கள் எந்தப் பொருளுக்கு அலைகிறார்கள் என்று பார்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. முடிவு எடுப்பது மேலே இருப்பவர்கள். அனுமதி கொடுப்பது உங்கள் ஊர் அலுவலகம். இதில் நான் யார், சொல்லுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஏழு வாசற்படி ஏறி இறங்க வேண்டுமா, இது என்ன ஊர் என்று என்னிடம் அழாத குறையாகக் கேட்டது யார்? அந்த டீச்சர் கேட்டால் மட்டும் சிரிப்பு வருகிறதா?

அண்ணன் முழங்கால் எப்படி இருக்கிறது? கேனைக் குனிந்து தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார், நீங்கள் சொன்னாலும் கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்லுங்கள்.

அன்புடன்
குட்டி


மார்ச் 20

அன்புள்ள குட்டிக்கு,

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நீ. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு பக்கம் எழுத உன்னால்தான் முடியும். நான் அழாத குறையாகக் கேட்டது உண்மை. ஆனால் ஏழு படியில் மூன்றாவது படியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள், ஐந்தாவது படியில் என் பையைத் தூக்கிக்கொண்டு வீடுவரை வந்தார்கள். அதை நான் உனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி கொடுத்த விண்ணப்பத்தை நகர அலுவலகத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். தையற்காரர் போய்ப் படித்துவிட்டு வந்தார். அதில் நம் தெருவைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு இருக்கிறதாம். "அன்றாடப் பொருள்களைக் கேட்டபோது, ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் இல்லை என்றே பதில் கிடைத்தது. இப்பகுதி மக்கள் பெரிதும் சிரமப்படுகின்றனர்." முதலில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகுதான் ஒவ்வொருவருக்கும் அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். தைக்கு அப்புறம் ஒரு நாள், பச்சைப் பை மாட்டிக்கொண்டு ஒரு பெண் கடை கடையாக ஏறியிருக்கிறாள். நம் கடைக்கும் வந்தாள். "சோப்பு இருக்கா?" என்று கேட்டாள். உன் அண்ணன் "இங்க இல்லம்மா, நாலாவது கடை" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வழி காட்ட வாசலுக்கு வருவதற்குள் அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். நாலாவது கடை நுரையாரிடம் முட்டை கேட்டிருக்கிறாள். ரொட்டிக்கடை அம்மாவிடம் ஊசி நூல். தையற்காரரிடம் ரொட்டி.

எல்லோரும் உண்மைதான் சொன்னோம். எல்லா உண்மையும் சேர்ந்து ஒரு பெரிய பொய்யாகிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

உன்னிடம் கேட்பது பெரிதல்ல. நீ அந்தப் பிரிவில் இருக்கிறாய், இந்தத் தெருவில் பிறந்தவள். இந்தத் தெருவில் "இல்லை" என்றால் பக்கத்துக் கடையில் இருக்கிறது என்று அர்த்தம். இதை மட்டும் இரண்டு வரியில் எழுதி நகர அலுவலகத்துக்கு அனுப்பு. கம்பெனியைத் திட்ட வேண்டாம், கடை வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொன்னால் போதும். ஏப்ரல் பத்தாம் தேதி கருத்துக்கேட்புக் கூட்டம்.

உன் அண்ணனுக்கு நான் எழுதுவது தெரியாது. அவர் உன்னிடம் எதையும் கேட்க மாட்டார்.

உன் அன்பு அண்ணி


மார்ச் 26

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் கம்பெனி கேட்கும் கேள்விகள் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். எல்லா ஊரிலும் ஒரே கேள்வி, ஒரே விதம். நம் தெருவுக்கென்று தனியாக யாரும் எதுவும் செய்யவில்லை. அந்தப் பெண் கேட்டாள், கடைக்காரர்கள் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

சம்பளம் வாங்கும் இடத்துக்கு எதிராக நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியாது. இரண்டு வரி என்றாலும் அது என் கையெழுத்துதான். உங்களுக்கு இது தெரியாததல்ல.

வருத்தப்படாதீர்கள். வந்த பிறகு பார்த்தால் எல்லோருக்கும் நல்லதாகத்தான் இருக்கும்.

அன்புடன்
குட்டி


மார்ச் 30

அன்புள்ள குட்டிக்கு,

நீ இப்படிச் சின்னதாக எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எல்லா ஊருக்கும் ஒரே கேள்வி என்று எழுதியிருக்கிறாய். நேற்று சங்கக் கூட்டத்தில் நான் ஒவ்வொருவரையும் விசாரித்தேன். சோப்புக்கடையில் அவள் சோப்பைக் கேட்கவில்லை. ரொட்டிக்கடையில் ரொட்டியைக் கேட்கவில்லை. ஒரு கடையிலாவது, தப்பித் தவறியாவது, அங்கே இருக்கும் ஒரு பொருளைக் கேட்டிருக்க வேண்டாமா? எந்தக் கடையில் எது இருக்காதோ அதை மட்டும் பார்த்துப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். அவள் வெளியூர்ப் பெண். நுரையாரிடம் வழி கேட்டுத்தான் பஸ் நிறுத்தத்துக்கே போனாளாம். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இன்னொன்று. நம் கடையில் அவள் சோப்புக்குப் பிறகு கலர் பென்சில் இருக்கிறதா என்றும் கேட்டாள். நான்தான் "பால் விக்கிற கடையில பென்சிலாம்மா?" என்று சிரித்தேன். இதைக் கூட்டத்தில் வேடிக்கையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

குட்டி, நான் உன் வாயால் கேட்க விரும்புகிறேன். அந்தக் கேள்விகளை எழுதியது நீயா?

அண்ணி


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

ஆமாம், நான்தான்.

ஒவ்வொரு கடையிலும் எந்தெந்தப் பொருளைக் கேட்பது என்பதை எங்கள் பிரிவு முடிவு செய்யலாம். நம் தெருக் கோப்பு என் மேசைக்கு வந்தது. வேறொருவரிடம் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முனையிலிருந்து முனைவரை நடந்தேன், ஒவ்வொரு கடையாக எழுதினேன். வேண்டுமென்றேதான் செய்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

கலர் பென்சில் கதையை அண்ணன் உங்களுக்குச் சொல்லவில்லை என்றால் நானே சொல்கிறேன். எனக்குப் பதினாறு வயது. பால் வாங்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கலாம் என்று மொத்தக் கடையிலிருந்து ஒரு பெட்டி பென்சில் வாங்கி வந்து முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் அடுக்கினேன். அன்று சாயங்காலத்துக்குள் விற்றுத் தீரும் போலிருந்தது. புத்தகக்கடைக்காரர் வந்து நின்றார். பார்த்தார், அவ்வளவுதான். அப்பா பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்து, என் முன்னால் மன்னிப்புக் கேட்டார். நான் என்ன திருடினேன்? அன்றைக்கே தெரிந்துவிட்டது, இந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒரு இடம் உண்டு, அதைத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது. எல்லோரும் அதை அன்பு என்று சொல்கிறார்கள். எனக்கு மூச்சு முட்டியது.

டீச்சர் கேட்டதில் தப்பு இல்லை. கைத்தடி ஊன்றி ஏழு படி ஏறும் பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள், ஆனால் அவர்களுக்கும் ஒரே கடை போதும். நான் செய்தது முழுக்கத் தப்பு என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. அண்ணனை நினைத்தால் மட்டும் சாப்பாடு இறங்கவில்லை.

உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கூட்டத்தில் கேள்விகளைப் பற்றிய பேச்சு வர வேண்டாம். கம்பெனியில் இருக்கும் மூலப் பிரதியில் என் கையெழுத்து இருக்கிறது. நான் அந்தத் தெருக்காரி என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் நாற்காலி மட்டுமல்ல, வேலையே போய்விடும். இந்த ஊரில் எனக்கு அந்த வேலையைத் தவிர யாரும் இல்லை.

குட்டி


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு, அண்ணனுக்கு,

அனுமதி கிடைத்துவிட்டது என்று இங்கே தகவல் வந்தது. கூட்டத்தில் கேள்விகளைப் பற்றி யாரும் பிரச்சினை செய்யவில்லை என்று கேள்விப்பட்டேன். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பத்து நாளாகத் தூக்கமில்லை, நேற்றுத்தான் தூங்கினேன்.

நாற்காலி எனக்கே என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு நல்ல செய்தி. புதுக் கடையில் பால், முட்டைப் பகுதியைப் பார்த்துக்கொள்ள அனுபவமுள்ள ஒருவரைத் தேடுகிறார்கள். மாதச் சம்பளம், உட்கார நாற்காலி, கேன் தூக்கும் வேலை இல்லை. அண்ணன் முழங்காலுக்கு அதைவிட நல்லது கிடையாது. நான் சொன்னால் நடக்கும். சொல்லி வைக்கட்டுமா?

அடுத்த மாதம் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். அண்ணனுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். உங்களுக்கு என்ன வேண்டும்? எழுதுங்கள்.

அன்புடன்
குட்டி


ஏப்ரல் 20

குட்டிக்கு,

உன் மூன்றாம் தேதிக் கடிதம் வந்த அன்றே அதை உன் அண்ணனிடம் கொடுத்தேன். மறைக்கச் சொல்லி நீ எழுதியிருந்தாய், எனக்கு மறைக்க இஷ்டமில்லை. அவர் அதை வாங்கவே இல்லை. "தெரியும்" என்றார். "பென்சில்னு நீ சொன்னப்பவே தெரியும்."

கூட்டத்தில் என்ன நடந்தது என்று நீ கேள்விப்பட்டது சரியில்லை. நான் இருந்தேன், அதனால் எழுதுகிறேன். அதிகாரி ஒரு பெண்மணி, தன்மையாகத்தான் பேசினாள். சங்கத் தலைவரைக் கூப்பிட்டு, "கம்பெனி கொடுத்த கணக்கெடுப்புல ஏதாவது தப்பு இருக்குன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டாள். தெரு முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தது. தையற்காரர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, வாசித்தால் போதும் என்று சொல்லியிருந்தார். உன் அண்ணன் எழுந்தார். காகிதத்தைப் பிரிக்கவில்லை. "தப்பு ஒண்ணும் இல்லீங்கம்மா. அந்தப் பொண்ணு கேட்டது எதுவும் எங்ககிட்ட இல்லதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நுரையார் "யோவ்!" என்று கத்தினார். தையற்காரர் எழுந்து நம் கட்டுப்பாட்டை விளக்கப் பார்த்தார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க தலைவரே ஒத்துக்கிட்டாரே" என்றாள். அத்தோடு முடிந்தது.

திரும்பி வரும்போது, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "கேள்வி தப்புன்னு சொன்னா, எழுதினது யாருன்னு தோண்டுவாங்க. அவளுக்கு அங்க யாரு இருக்கா?" என்றார். இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இப்போது நாங்கள் எப்படி இருக்கிறோம் என்றும் சொல்கிறேன். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கம்பெனியிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்கள். சங்கத் தலைவர் பதவியிலிருந்து அவரே விலகினார், யாரும் தடுக்கவில்லை. முட்டை எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால், நுரையார் "தெரியலீங்க" என்கிறார். ரொட்டிக்கடை அம்மாவும் அப்படித்தான். புதுக் கடை திறக்க இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது. அதற்குள்ளேயே நாங்கள் தெருவில் இல்லாமல் போய்விட்டோம்.

பென்சில் விஷயத்தில் உனக்கு நடந்தது அநியாயம்தான். நான் அன்றைக்கு இருந்திருந்தால் உன் பக்கம்தான் பேசியிருப்பேன். டீச்சர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் வரட்டும், நேராகக் கேட்டு, நேராக ஜெயித்து வந்திருந்தால் நானே போய்ச் சோப்பு வாங்கியிருப்பேன். உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் கடையைப் பற்றியது இல்லை. நான் உதவி கேட்டு எழுதியபோது, எல்லா ஊருக்கும் ஒரே கேள்வி என்று எனக்குப் பொய் எழுதினாய். பிறகு உண்மையை எழுதினாய், அதுவும் அதை நாங்கள் மூடி மறைக்க வேண்டும் என்பதற்காக. அவர் மறைத்தார். அதற்கு நீ அவருக்கு ஒரு நாற்காலியும் ஸ்வெட்டரும் தருகிறாய்.

வேலைக்குச் சொல்லி வைக்க வேண்டாம். எனக்கும் எதுவும் வேண்டாம்.

நீ வருவதைத் தடுக்க மாட்டேன். அது நீ பிறந்த வீடு. வா, இரண்டு நாள் இரு, உனக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுவேன், ஒரு குறையும் வைக்க மாட்டேன். என்னிடம் பேச்சை மட்டும் எதிர்பார்க்காதே. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். உன் அண்ணனுக்கு ஆடியது. அவர் உன்னைக் கோபித்துக்கொள்ளவே இல்லை, இனியும் மாட்டார். நான் வேறு வீட்டில் பிறந்தவள். எனக்கு அந்தத் தசை இல்லை.

கடிதத்தின் கீழே அவரையும் ஒரு வரி எழுதச் சொன்னேன். "நீயே எழுதிடு, சௌக்கியமான்னு கேட்டேன்னு போடு" என்றார். அவர் கேட்கிறார். நான் கேட்கவில்லை.

இப்படிக்கு
உன் அண்ணனின் மனைவி